ஏழு மணி மாத்திரை

பொன்னாத்தாள் வீட்டில் தினசரி காலண்டரைக் காலையில் கிழிப்பதில்லை. பொழுது சாய்ந்து ஏழு மணிக்கு, அவள் வீட்டுக்காரர் சுருளிராஜன் மாத்திரையை வாயில் போட்டு, செம்புத் தண்ணீரைக் குடித்து, "ஆ" என்று வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் அன்றைய தாளைக் கிழிப்பாள். கிழித்ததைக் குப்பையில் போட மாட்டாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பியில் குத்தி வைப்பாள். மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள்; மாத்திரை அட்டையில் இருப்பதோ இங்கிலீஷ். நாள் தப்பாமல் இருக்க அவளாகக் கண்டுபிடித்த வழி இது. கம்பியில் இருபத்தோரு தாள் சேர வேண்டும். சேர்ந்தால் மதுரைக்குப் போகலாம். நடுவில் ஒரு நாள் விட்டாலும் மறுபடி முதலில் இருந்து.

சுருளிராஜன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். கம்பத்துக்கு வடக்கே வாய்க்கால் ஓரமாக முப்பது பேருடைய நெல்வயலுக்கு அவர்தான் மடை திறந்து மடை அடைப்பார். லோயர் கேம்பில் அணைத் தண்ணீரைத் திறந்து விட்ட நாளில் இருந்து அறுப்பு வரைக்கும் மண்வெட்டி தோளை விட்டு இறங்காது. பொன்னாத்தாள் திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டப் போகிறவள். பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து அண்ணாந்து வெட்டுகிற வேலை. விடியும் முன்னே சோறு பொங்கி வைத்துவிட்டுப் போனால் பகல் ஒரு மணிக்குக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு திரும்புவாள். ஒரே மகள் பாண்டீஸ்வரி, கடைத்தெருவில் ஜவுளிக்கடையில் நிற்கிறாள்.

தை மாதம் ஒரு நாள் சுருளிராஜன் மடையை அடைக்கக் குனிந்தவர், அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"நெஞ்சுக்குள்ள கோழி றெக்கைய அடிக்குற மாதிரி இருக்கு புள்ள," என்றார் வீட்டுக்கு வந்து. "நின்னு நின்னு அடிக்குது. பெறகு மூச்சு முட்ட ஓடுது."

வாயு என்றார்கள். பூண்டைச் சுட்டுத் தின்றார். கண்ணேறு என்றார்கள். கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். ஒரு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் பொன்னாத்தாள் வேலைக்குப் போகாமல் அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே உமாதேவி டாக்டர் நெஞ்சில் வயரை ஒட்டிப் படம் எடுத்தார். நீளமான தாளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எத்தன நாளா பூண்டு தின்னுறீக?" என்றார்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாசம் இங்கன வரைக்கும் வருது. இது வாயு இல்ல. துடிப்பு ஒழுங்கா இல்ல. தேனிக்கு எழுதித் தாறேன், நாளைக்கே போங்க."

தேனியில் இருதய டாக்டர் ஆதித்தன் நிதானமான மனிதர். ஸ்கேன் பார்த்துவிட்டு நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, இருதயத்துல மேல ரெண்டு அறை இருக்கு. அது சுருங்கி விரியணும். ஒங்களுக்கு அது நடுங்கிக்கிட்டே நிக்குது. அதனால ரத்தம் மூலையில தேங்குது. தேங்குனா உறையும். உறைஞ்ச துண்டு மூளைக்குப் போச்சுன்னா கை கால் விழுந்திரும்."

"தேங்குன தண்ணியில பாசி பிடிக்குற மாதிரி," என்றார் சுருளிராஜன்.

"அதேதான். மதுரையில கரண்ட் வச்சு துடிப்பச் சரி பண்ணுவாங்க. மயக்கம் குடுத்துத்தான், பயப்பட வேண்டாம். ஆனா அதுக்கு முன்னால உள்ள ஒரு துண்டும் இருக்கக் கூடாது. இருந்தா, துடிப்பு திரும்பும்போது கழண்டு ஓடிரும். அதுக்குத்தான் சாயங்காலம் ஏழு மணிக்கு இந்த மாத்திர. காலையில ஒண்ணு, துடிப்பு ஓடுறதக் கொறைக்க. வாராவாரம் ரத்தம் பாக்கணும். அளவு ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நிக்கணும். அப்படி வந்த நாள்ல இருந்து இருபத்தோரு நாள், ஒரு நாள்கூட விடாம."

பிறகு பொன்னாத்தாளைப் பார்த்தார். "இத நான் ஒருத்தன் பாக்க முடியாதும்மா. நாலு பேர் சேந்து பாக்கணும். துடிப்பு பாக்குறதுக்குன்னே மதுரையில ஒரு டாக்டரம்மா இருக்காங்க. இங்க நான். அவசரத்துக்கு ஒங்க ஊர்ல உமாதேவி மேடம். ரத்தம் பாக்க வீட்டுப் பக்கத்துலயே ஒரு லேப் பாத்துக்குங்க. ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்குத் தெரியணும், அதான் முக்கியம்."

வெளியே வந்ததும் சுருளிராஜன் துண்டை உதறித் தோளில் போட்டார். "நாலு பேரு சேந்து தூக்குறதுக்கு முன்னால நாலு பேரு சேந்து பாக்கட்டும்னு சொல்லுறாக போல."

"வாயக் கழுவுங்க," என்றாள் பொன்னாத்தாள்.

மூன்று டாக்டர்களும் மூன்று இடத்தில் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தது கிடையாது. அவர்களுக்கு நடுவில் இருந்த ரோடு பொன்னாத்தாள்தான். ஒரு மஞ்சள் பையில் படம், ஸ்கேன், சீட்டு எல்லாவற்றையும் போட்டுக் கொண்டு பஸ் ஏறுவாள். போகிற இடத்தில் எல்லாம், "என்ன செய்யுது? எப்ப இருந்து?" என்று முதலில் இருந்து கேட்பார்கள். தை மாதம், மடை, கோழி, பூண்டு என்று அவளும் முதலில் இருந்து சொல்லுவாள். சொல்லிச் சொல்லி, ஏதோ வேறு யாருக்கோ நடந்த மாதிரி ஆகிவிட்டது. கண்ணை மூடினால் பஸ் ஆடுகிற மாதிரியே இருக்கும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால்கூட அம்மனிடம் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் சும்மா நின்றுவிட்டு வருவாள்.

நாலாவது ஆளாகக் கிடைத்தவள்தான் ஜெபராணி. போடிக்காரி, கம்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், சர்ச்சுக்குப் போகிறவள். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒற்றை ஷட்டர் கடையில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறாள். பொன்னாத்தாள் மஞ்சள் பையைப் பிரித்து, தை மாதம் என்று தொடங்கியதும் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மதினி, மொதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க. சீட்டு இருக்குல்ல, நான் பாத்துக்கிறேன். இனி ஒவ்வொரு வாரமும் அளவ நானே போன்ல தேனிக்கும் மதுரைக்கும் அனுப்பிருவேன். நீங்க பஸ் ஏற வேண்டாம். அண்ணே, முருங்கக்கீரை திம்பீகளா?"

"வீட்டு முன்னால மரமே நிக்குது."

"ஒரு நாள் சட்டி நெறயத் தின்னுட்டு ஒரு வாரம் சும்மா இருக்கக் கூடாது. கீரை கூடுனாலும் கொறஞ்சாலும் மாத்திரையோட அளவு ஆடும். ஒரே அளவாத் தின்னுங்க. உடம்பு வலின்னு கடையில போயி மாத்திர கேட்டுத் திங்காதீக."

மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துத் துடிப்பு எண்ணவும் அவள்தான் பொன்னாத்தாளுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

பத்து நாளில் அளவு இரண்டைத் தாண்டியது. பொன்னாத்தாள் கம்பியைத் தொங்கவிட்டு முதல் தாளைக் குத்தினாள். பன்னிரண்டு தாள் சேர்ந்தது.

பதிமூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. முந்தின நாளே பாண்டீஸ்வரி காய்ச்சலோடு கடையில் இருந்து பாதியில் வந்து படுத்திருந்தாள். விடிந்து பார்த்தால் கழுத்திலும் முதுகிலும் முத்து முத்தாகப் போட்டிருந்தது. பங்குனி வெயில். எட்டிப் பார்த்த அடுத்த வீட்டு மொக்கம்மாள் அங்கேயே நின்று கும்பிட்டாள்.

"ஆத்தா வந்திருக்காடி பொன்னு. சுத்தபத்தமா இரு."

பொன்னாத்தாளுக்கு யாரும் சொல்ல வேண்டியது இல்லை. வாசலில் வேப்பிலை செருகினாள். மகளுக்கு வேப்பிலைப் படுக்கை விரித்தாள். அடுப்பில் தாளிப்பை நிறுத்தினாள். கூழும் இளநீரும்தான். ஆத்தா இறங்கியிருக்கும் வீட்டில் மருந்து மாத்திரை இருக்கக் கூடாது. இருந்தால் வந்தவளை அவமதித்தது போல. பிறந்ததில் இருந்து அவள் பார்த்தது அது. தலைவலித் தைல டப்பாவில் இருந்து எல்லாவற்றையும் எடுத்து மஞ்சள் பையில் போட்டாள். சுருளிராஜனுடைய மாத்திரை அட்டைகளையும் போட்டாள். பையைக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டத்து விட்டத்தில் மாட்டினாள்.

"ஒங்களுக்கும் அவ எறங்குற வரைக்கும் வேண்டாம்ங்க," என்றாள்.

"ஆத்தாவ விடவா மாத்திர பெருசு? விடு," என்றார் அவர்.

இரண்டு பேருக்குமே மாத்திரையை விட்டதாகத் தோன்றவில்லை. அவரையும் சேர்த்து ஆத்தா பொறுப்பில் விட்டதாகத்தான் தோன்றியது. அதனால் தேனிக்கோ ஜெபராணிக்கோ சொல்ல வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. காலண்டர் மட்டும் செவ்வாய்க்கிழமையிலேயே நின்றது.

வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில் சுருளிராஜன் வயலில் இருந்து பாதியில் வந்து வாசல்படியில் சாய்ந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"கோழி வந்திருச்சு," என்றார்.

பொன்னாத்தாள் மணிக்கட்டைப் பிடித்து எண்ணப் பார்த்தாள். எண்ண முடியவில்லை. விரலுக்குக் கீழே என்னவோ குதித்தது, நின்றது, மறுபடி குதித்தது. அன்றைக்கு ரத்தம் பார்க்கிற நாளும் கூட. மொக்கம்மாளை மகளுக்குத் துணை வைத்துவிட்டு, ஆட்டோவில் அவரை ஏற்றி ஜெபராணி கடைக்குக் கொண்டுபோனாள்.

ஜெபராணி ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தாள். எண் வந்ததும் மறுபடி ஒருமுறை வைத்துப் பார்த்தாள்.

"அண்ணே, போன வாரம் ரெண்டு புள்ளி நாலு. இப்ப ஒண்ணு புள்ளி ரெண்டு. மாத்திர விட்டீகளா?"

"இல்லையே," என்றார் சுருளிராஜன் சுவரைப் பார்த்துக்கொண்டு.

ஜெபராணி பொன்னாத்தாளைப் பார்த்தாள். அவள் இடுப்பில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்தைப் பார்த்தாள்.

"வீட்டுல அம்மையா மதினி?"

"பாண்டீஸ்வரிக்கு."

ஜெபராணி கையுறையைக் கழற்றினாள். "நான் ஏதாச்சும் சொன்னா வேதக்காரி சொல்லுறான்னு போகும். நான் ஒண்ணும் சொல்லல. டாக்டருக்குப் போன் போட்டுத் தாறேன். நீங்களே சொல்லுங்க."

போன் அடிக்கிற நேரத்தில் சுருளிராஜன் மனைவியின் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"ஏ பொன்னு, சொல்லாத. சொன்னா மறுபடி மொதல்ல இருந்துன்னுவாக. என்னால ஆகாதுடி. மெஷினு தப்பாக் காட்டுதுன்னு சொல்லு. இன்னும் ஒரு வாரந்தான, அப்படியே மதுரைக்குப் போயி கரண்ட வச்சுட்டு வந்திருவோம்."

பொன்னாத்தாளுக்கும் அதே ஆசைதான். மறுபடி கம்பி, மறுபடி வாரா வாரம் ஊசி, மறுபடி மதுரையில் நாள் கேட்டு நிற்பது. ஒரே ஒரு பொய் சொன்னால் எல்லாம் பக்கத்தில் வந்துவிடும். கழுத்து வலித்தது. எங்கேயாவது தலையைச் சாய்த்தால் போதும் என்று இருந்தது.

"சொல்லுங்கம்மா," என்றது போனில் ஆதித்தன் டாக்டர் குரல்.

அவள் வாயைத் திறந்தாள். வீட்டில் ஆத்தா உட்கார்ந்திருக்கிறாள். இங்கே நின்று பொய் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

"நாலு நாளா மாத்திர குடுக்கல டாக்டர். ரெண்டு மாத்திரையும். ஆத்தா வந்திருக்கா வீட்டுல. நான்தான் எடுத்து வெளிய மாட்டுனேன். அவுக மேல தப்பில்ல."



"சொன்னீங்களே, அது போதும்மா," என்றார் டாக்டர். "சொல்லாம மதுரைக்கு வந்திருந்தீங்கன்னா..." அதை அவர் முடிக்கவில்லை. "அண்ணனுக்குச் சின்ன வயசுல அம்மை வந்திருக்கா?"

"தழும்பு இருக்கு."

"நல்லது. இப்ப நெஞ்சு ஓடுறதுக்கு நேரா உமாதேவி மேடத்துக்கிட்டப் போங்க, நான் பேசிடுறேன். ரத்தத்துக்கான மாத்திரைய இன்னைக்குச் சாயங்காலமே தொடங்கணும். எண்ணிக்கை பழையபடி மொதல்ல இருந்துதான்."

"ஆத்தா எறங்க இன்னும் பத்து நாளாவது ஆகும் டாக்டர். மூணு தண்ணி ஊத்தணும்."

"பத்து நாள் தாங்காதும்மா. நாலு நாளே அதிகம். வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாது, நான் அதுல கை வைக்கல. எப்படிக் குடுக்கலாம்னு நீங்கதான் ஒரு வழி பாக்கணும்."

ஆட்டோவில் சுருளிராஜன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரியில் உமாதேவி டாக்டர் வாசலிலேயே ஆளை நிறுத்தி வைத்திருந்தார். கட்டிலில் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். பொன்னாத்தாள் மஞ்சள் பையை மறந்து வந்துவிட்டாள். தை மாதம் என்று தொடங்கப் போனாள்.

"தெரியும்மா. தேனியில இருந்து எல்லாம் சொல்லிட்டாக. நீங்க அந்த பெஞ்சுல உக்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். முதலில் இருந்து சொல்ல வேண்டி இல்லாத முதல் ஆஸ்பத்திரி அதுதான். அழுகை வந்தது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் ஓட்டம் குறைந்தது. ஏழு மணி மாத்திரையை அன்றைக்கு ஆஸ்பத்திரியிலேயே நர்சம்மா கொடுத்தார். பிறகு அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நாளைக்கு யார் கொடுப்பது?

வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு உள்ளே போனாள். பாண்டீஸ்வரி வேப்பிலையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து பொன்னாத்தாள் பேசினாள். மகளிடம் இல்லை, மகள்மேல் இறங்கியிருந்தவளிடம்.

"தாயே, ஒனக்கு ஆகாதத நான் வீட்டுக்குள்ள வைக்கல. வைக்கவும் மாட்டேன். ஆனா அவுகளுக்கு வந்தது நீ குடுத்த நோவு இல்ல. அது வேற. நான் என்ன செய்யட்டும்? சொல்லு."

ஒரு குறியும் வரவில்லை. பல்லிகூடச் சொல்லவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

விடிந்து சாணி தெளிக்கும்போதுதான் ஒரு வழி தோன்றியது. பாண்டீஸ்வரிக்குக் கூழ் கொண்டு வந்த மொக்கம்மாளிடம் அதைச் சொன்னாள்.

"மருந்து வீட்டுக்குள்ள வராதுக்கா. அவுக வெளியிலயே தின்னுட்டு வரட்டும்."

"அதென்னடி நியாயம்? வயித்துக்குள்ள போனது வீட்டுக்குள்ள வராதாக்கும்?"

"போன கார்த்திகையில ஒங்க மகன் பிச்சைமணி சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான்ல? நாப்பத்தோரு நாளும் ஒங்க வீட்டுல கவுச்சி கெடையாது. ஒங்க வீட்டு அண்ணன் மட்டும் பஸ் ஸ்டாண்டு கடையில கறியத் தின்னுட்டு, வாய்க்கால்ல முங்கிட்டு வந்தாகளே. அந்தக் கறி எங்கன இருந்துச்சு?"

மொக்கம்மாள் கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"அது ஐயப்பன். இது ஆத்தா."

"ஆத்தா பெத்தவக்கா. அவளுக்குத் தெரியாதா?"

"நல்லாப் பேசக் கத்துக்கிட்டடி, டாக்டருக வீட்டுக்கு நடந்து நடந்து. குத்தமாச்சுன்னா என்னயச் சொல்லாத."

"ஒங்களச் சொல்ல மாட்டேன்."

மஞ்சள் பையைக் கொட்டத்தில் இருந்து இறக்கி, சுருளிராஜன் கையில் ஜெபராணிக்குக் கொடுத்து அனுப்பினாள். காலை மாத்திரை, சாயங்கால மாத்திரை எல்லாம் அவள் கடையில் இருக்கும். காலையில் வயலுக்குப் போகிற வழியில் ஒன்று. ஏழு மணிக்கு ஒன்று. ஜெபராணிக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போனது. இருந்தாலும் கடைக்கு வருகிற மற்றவர்களுக்காக அவரை உள்ளே விட மாட்டாள். படிக்குக் கீழே நிற்க வேண்டும். அங்கேயே விழுங்கி, வாய் கொப்பளித்து, வாசலில் மஞ்சள் தண்ணீரில் கால் கழுவி வீட்டுக்குள் வர வேண்டும். முதல் நாள் சுருளிராஜன் முனகிக்கொண்டே போனார்.

ஜெபராணி கடையில் தொங்கியது சர்ச்சில் கொடுத்த காலண்டர். ஒவ்வொரு தாளிலும் தேதிக்குக் கீழே ஒரு வசனம் இருக்கும். மாத்திரையை விழுங்கியதும் அன்றைய தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்துவிடுவாள். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்து பொன்னாத்தாளிடம் நீட்டுவார். பொன்னாத்தாள் பழைய பன்னிரண்டு தாளையும் கம்பியில் இருந்து உருவினாள். அவளுடைய காலண்டரில் கிழிக்காமல் கிடந்த நாலைந்து நாளையும் ஒன்றாகக் கிழித்தாள். தூரப் போட மனசு வரவில்லை. ஆத்தா படத்துக்குப் பின்னால் செருகினாள். வெறும் கம்பியில் வசனத் தாளை எடுத்து வைத்தாள்.

"என்னடி, வேதக்காரச் சாமி தொங்குது?" என்றாள் மொக்கம்மாள்.

"தேதிதான்க்கா தொங்குது."

ஞாயிற்றுக்கிழமை லேப் கிடையாது. சாயங்கால ஆராதனைக்கு ஜெபராணி சர்ச்சுக்குப் போய்விடுவாள். அதனால் அன்றைக்கு சுருளிராஜன் தண்ணீர் பாட்டிலோடு சர்ச் கேட்டுக்கு வெளியே நின்றார். தலையில் முக்காடு போட்டபடி ஜெபராணி பாட்டுக்கு நடுவில் வெளியே வந்து, கைக்குட்டையில் முடிந்த மாத்திரையைக் கொடுத்தாள். ஒரு பெரியவர் அவரைப் பார்த்து, "உள்ள வாங்க, புதுசா வாறீகளா?" என்றார்.

"இல்லைங்க. மாத்திரைக்கு வந்தேன்," என்றார் சுருளிராஜன்.

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தார். பத்து நாளில் அவர் சிரித்தது அதுதான். பாண்டீஸ்வரியும் படுத்தபடியே சிரித்தாள்.

முதல் தண்ணீர் ஊற்றினார்கள். இரண்டாம் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு நாள் சுருளிராஜன் வயலில் இருந்து வந்த அலுப்பில் படியிலேயே கண் அசந்தார். அடுத்த வீட்டில் இருந்து மொக்கம்மாள் குரல் வந்தது.

"ஏலே சுருளி, மணி ஏழாகப் போகுது. அந்தப் பிள்ள மாத்திரைய வச்சுக்கிட்டு நிக்கும். எந்திரிடா!"

அது உள்ளே இருந்த பொன்னாத்தாள் காதில் விழுந்தது. வெளியே வரவில்லை.

மூன்றாம் தண்ணீர் ஊற்றி, ஆத்தாவை மனசார வழியனுப்பி, வேப்பிலையை ஓடுகிற தண்ணீரில் விட்டார்கள். அடுப்பில் கடுகு வெடித்தது. அந்த வாரம் ரத்த அளவு இரண்டு புள்ளி ஒன்று என்று வந்தது. அன்றைக்குக் கம்பியைக் காலி செய்துவிட்டு மறுபடி ஒன்றில் இருந்து தொடங்கினாள்.

"மதினி, இனி பைய வீட்டுக்குக் கொண்டு போறீகளா?" என்று கேட்டாள் ஜெபராணி.

கொண்டுபோகலாம். இனி தடை இல்லை. பொன்னாத்தாள் பையை வாங்கக் கையை நீட்டினாள். கை பாதியில் நின்றது. ஏழு மணிக்கு அவர் கிளம்பிப் போய் வருகிற அந்த அரை மணி நேரம், அவள் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். எண்ண வேண்டாம். அந்த நேரம் அவர் இன்னொருத்தி பொறுப்பு.

"ஒனக்குத் தொந்தரவு இல்லைன்னா இங்கனயே இருக்கட்டும் தாயி," என்றாள்.

"எனக்கென்ன தொந்தரவு? அண்ணன் வந்து ஊர்க்கதை பூராச் சொல்லிட்டுப் போறாக."

இருபத்தோரு தாள் சேர்ந்தது. அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அவரால் களத்துக்குப் போக முடியவில்லை என்ற குறை இருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, மண்வெட்டியை மட்டும் இரண்டு தடவை கழுவி வைத்தார்.

மாத்திரையைக் கடையிலேயே விட்டு, சீட்டுகள் இருந்த மஞ்சள் பையை மட்டும் ஜெபராணியிடம் வாங்கிக்கொண்டு, விடியற்காலை பஸ்ஸில் மதுரைக்குப் போனார்கள். துடிப்பு பார்க்கிற டாக்டரம்மா வயதில் சின்னவர். கம்ப்யூட்டரைத் திருப்பி, "தேனி சார் எழுதினதும் இருக்கு, ஜெபராணி அனுப்பின அளவும் இருக்கு. ஒரு நாளும் விடலையே?" என்றார்.

பொன்னாத்தாள் மஞ்சள் பையில் இருந்து நூல் கட்டிய தாள்களை எடுத்து மேசையில் வைத்தாள். மேலாக இருந்த தாளின் வசனத்தை டாக்டரம்மா படித்தார். பொன்னாத்தாளின் நெற்றியில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார்.

"இது எதுக்கும்மா? எல்லாம் இதுலயே இருக்கே."

"அது ஒங்க கணக்கு. இது எனக்குத் தெரிஞ்ச கணக்கு. எண்ணிக்குங்க. இருபத்தொண்ணு இருக்கும்."

டாக்டரம்மா உண்மையிலேயே எண்ணினார்.

சுருளிராஜனை உள்ளே கொண்டுபோனார்கள். பொன்னாத்தாள் சுவரோரம் உட்கார்ந்து ஆத்தாவைக் கூப்பிட்டாள். பெரிய வேண்டுதல் ஒன்றும் வைக்கவில்லை. வைக்கத் தெம்பு இல்லை. "இங்கனயே இரு" என்று மட்டும் சொன்னாள். அரை மணி நேரத்துக்குள் கூப்பிட்டார்கள். திரையில் பச்சைக் கோடு ஒரே மாதிரி ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"வந்திருச்சும்மா," என்றார் டாக்டரம்மா. "ஆனா இது மறுபடி மாறலாம். மாறினா பாத்துக்கலாம். இப்பதான் மாத்திரைய விடவே கூடாது. இன்னைக்கும் உண்டு, நாளைக்கும் உண்டு."

"முடிஞ்சு போச்சுன்னு இல்லையா?"

"இல்லம்மா."

பொன்னாத்தாள் தலையை ஆட்டினாள். முடியும் என்று அவளும் நினைக்கவில்லை. கேட்டுத்தான் பார்த்தாள்.

மதியத்துக்கு மேல் அனுப்பினார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் சுருளிராஜன், பக்கத்தில் அவள். "கோழி பறந்து போச்சு புள்ள," என்றார் அவர் மெதுவாக. அவள் நம்பவில்லை. அவர் மணிக்கட்டை எடுத்து மடியில் வைத்து இரண்டு விரலை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒரே சீராக வந்தது. நூறு வந்ததும் மறுபடி ஒன்றில் இருந்து. செக்கானூரணி தாண்டியது. உசிலம்பட்டி வந்தது. நாற்பத்திரண்டோ நாற்பத்து மூன்றோ எண்ணும்போது அவளுக்கு எண் தப்பியது. தலை அவர் தோளில் விழுந்தது.

ஆண்டிபட்டியில் பஸ் நின்றதும் தெரியாது, தேனியில் ஏறிய கூட்டமும் தெரியாது. கம்பத்தில் கண்டக்டர் வந்து தட்டினார். "ஆத்தா, எறங்குங்க. வண்டி குமுளிக்குப் போகுது."

கண்ணைத் திறந்தாள். விரல் இரண்டும் அவர் கைமேலேயே இருந்தன. அவர் தூங்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை ஆட்டினால் அவள் எழுந்துவிடுவாள் என்று அப்படியே வைத்திருந்திருக்கிறார்.

"மணி என்னங்க?"

"ஏழாக இன்னும் பத்து நிமிசம்."

நேராகக் கடைத்தெருவுக்குப் பின்னால் நடந்தார்கள். ஜெபராணி ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துவிட்டு, படியில் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மதுரையில் இருந்து முன்னாலேயே அவளுக்குச் செய்தி வந்திருக்க வேண்டும். சுருளிராஜன் பழக்கத்தில் படிக்குக் கீழேயே நின்று கையை நீட்டினார்.

"அண்ணே, அம்மை எறங்கி எத்தன நாளாச்சு, இனிமே மேல வரலாம்," என்றாள் அவள்.

அவர் படியேறினார். பொன்னாத்தாள் ஏறவில்லை. எதிரே மூடியிருந்த கடையின் வாசலில், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள்.